குதிரை போயிற்று, பட்டம் நின்றது!

“ஐயா, இராவுத்தர் என்றால் துருக்கி நாட்டிலிருந்து வந்தவர் என்று பொருளா?”

கேட்டவன் எட்டாம் வகுப்பு மாணவன். கண்ணில் நீர் இல்லை. வந்து வற்றிய தடம் இருந்தது. பந்தாட்டத்தில் எழுந்த சண்டை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று தொடங்கி, இவன் நாட்டுக்கு உள்ளே உள்ளவனா, வெளியே உள்ளவனா என்பதில் போய் முடிந்திருக்கிறது. “உன் பாட்டன் பூட்டன் குதிரையேறி இங்கே வந்தவன். நீ வந்தேறி” என்று சொல்லிவிட்டான் கூட்டாளி. சொன்ன பிள்ளைக்கும் வயது பதின்மூன்றுதான். அந்தச் சொல்லை அவன் ஆக்கவில்லை. எங்கோ கேட்டதைக் கொண்டுவந்து வீசியிருக்கிறான்.

சிறுவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டனாரிடம் முறையிட்டான். முதியவரோ தாடியை நீவிக்கொண்டு, “ஆமப்பா, நாம் துருக்கி வீரர் பரம்பரை. அதில் உனக்கு என்ன குறை?” என்றாராம்.

தெருவில் எது வசையோ, அதுவே வீட்டில் இசை! இரண்டுக்கும் நடுவே நின்று தவித்த பிள்ளை, வரலாறு சொல்லித்தரும் நம்மிடம் வந்தான். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. வெட்கத்தோடுதான் இதை ஒப்புக்கொள்கிறோம். பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டுகள் நமக்கு மனப்பாடம். பக்கத்துத் தெருக்காரர் பெயரின் காரணம் தெரியாது. ஆகவே சில வாரங்கள் ஏடுகளைப் புரட்டினோம். அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

திண்டுக்கல் மக்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. பேகம்பூர்ப் பக்கம் நடந்தால் கடைப்பலகையிலும், திருமண அழைப்பிலும், பழைய பத்திரங்களிலும் ‘இராவுத்தர்’ என்ற சொல் கண்ணில் படும். பழனிச் சாலையிலும் வத்தலக்குண்டுச் சாலையிலும் உள்ள ஊர்களில் இராவுத்தர் குடும்பங்கள் உண்டு. இன்னும் மேற்கே கம்பம் பள்ளத்தாக்குக்குச் சென்றால், உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய கல்லூரிக்கே ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரி என்று பெயர். அந்தப் பெயரைச் சற்று நின்று பாருங்கள், தோழர்களே! ‘ஹாஜி’ அரபுச் சொல். ‘இராவுத்தர்’ எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம். நடுவே நிற்கும் ‘கருத்த’ என்பது என்ன? கறுப்பன், கறுப்பாயி, கருத்தப்பாண்டி என்று நம் சிற்றூர்களில் ஒலிக்கும் அதே கருமை! மக்கா சென்று மீண்ட பெருமகனின் பெயரில் கம்பம் பள்ளத்தாக்கின் வெயில் அடிக்கிறது.

மதுரை, தேனி, திருநெல்வேலி, புதுக்கோட்டை, கொங்குச் சீமை என்று உள்நாட்டு ஊர்களிலெல்லாம் இப்பெயர் பரவியிருக்கிறது. மலை கடந்தால் கேரளத்தின் இடுக்கியிலும் கோட்டயத்திலும் பத்தனம்திட்டையிலும் பாலக்காட்டிலும் உண்டு. நம் நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கிறது. பட்டம் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடுகிறது. மலைக்கு அப்பால் அது பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டு அரசாங்கத் தாள்களிலும் நடமாடுகிறது. திரைப்படம் பார்ப்போருக்கு, இப்ராகிம் இராவுத்தர் என்ற படத்தயாரிப்பாளரின் பெயர் வெள்ளித்திரையில் ஓடியது நினைவிருக்கும்.

ஆனால் கடற்கரையில் தேடினால் இப்பெயர் அரிது. கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் போனால் அங்கே ஒலிக்கும் பெயர் ‘மரக்காயர்’. அது மரக்கலத்தோடு உறவுடைய சொல் என்பர் அறிஞர். கரையோரத்தில் கலத்தின் பெயர். உள்நாட்டில் குதிரையின் பெயர். ஆம், குதிரைதான்! ‘இராவுத்தர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதி தரும் முதற்பொருள் குதிரைவீரர் என்பதே. துருக்கியும் அதில் இல்லை, அரபும் அதில் இல்லை, மதமும் அதில் இல்லை.

சொல்லின் பிறப்பைத் தேடிச் சென்றால் வியப்பு இன்னும் கூடுகிறது. அரசன் மகன் என்று பொருள்படும் ‘ராஜபுத்திர’ என்ற வடசொல், பிராகிருதத்தில் தேய்ந்து ‘ராஉத்த’ ஆயிற்று. அது நாட்டுக்கு நாடு ஒவ்வொரு வேடம் பூண்டது. மராட்டியத்தில் ‘ராவுத்’, ஒடிசாவில் ‘ரௌத்’, ‘ரௌத்ராய்’, இமயமலை அடிவாரத்திலும் இராசபுதனத்திலும் ‘ராவத்’, கன்னடத்தில் ‘ராவுத’, தெலுங்கில் ‘ராவுத்து’. யானைப்பாகனை ‘மாவுத’ என்றும், குதிரைவீரனை ‘ராவுத’ என்றும் கன்னடர் இணைத்துச் சொல்வர். சத்தீசுகரில் இதே ‘ராவுத்’ யாருடைய பெயர் தெரியுமா? மாடு மேய்க்கும் மக்களுடைய பெயர். அவர்கள் ஆடும் ‘ராவுத் நாச்சா’ என்ற கூத்து அங்கே புகழ்பெற்றது.

ஒரே சொல்! ஓரிடத்தில் அரசகுமாரன், ஓரிடத்தில் குதிரைவீரன், ஓரிடத்தில் ஆயன். மராட்டிய ராவுத்தும், ஒடிய ரௌத்தும், கார்வால் ராவத்தும் இந்துக்கள். திண்டுக்கல் இராவுத்தர் முஸ்லிம். பெயரை வைத்துப் பிறப்பைத் தீர்ப்பது எவ்வளவு வழுக்குப்பாறை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

குதிரையேறியவன் பெயர் குடும்பப் பெயராவது நம் நாட்டு விந்தை மட்டுமன்று. செர்மானியரில் ‘ரிட்டர்’, பிரெஞ்சுக்காரரில் ‘செவாலியே’, ஸ்பானியரில் ‘கபல்லேரோ’ எல்லாம் குதிரைவீரர் என்ற பொருளில் பிறந்து குடிப்பெயர் ஆனவையே. 17ஆம் நூற்றாண்டில் குரோவாசிய நாட்டுக் குதிரைவீரர் பிரெஞ்சு மன்னனிடம் கூலிக்குப் படைவேலை பார்த்தனர். அவர்கள் கழுத்தில் சுற்றிய துணிக்கு, அவர்கள் நாட்டுப் பெயரைத் திரித்தே ‘கிராவத்’ என்று பெயரிட்டது பாரிசு. இன்று அலுவலகத்துக்குக் கழுத்துப்பட்டை கட்டிச் செல்வோர் எவரும் தம்மைக் குரோவாசியர் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இனி, தமிழனுக்கு ஏன் இந்தச் சொல் தேவைப்பட்டது என்ற வினா எழும். பரி, புரவி, இவுளி, மா என்று குதிரைக்குப் பல பெயர் வைத்த மொழிக்கு, அதை ஊர்ந்தவனுக்குப் பெயர் இல்லையா? இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘குதிரைச் சேவகர்’ என்றே படைப்பிரிவினர் குறிக்கப்படுகின்றனர். குதிரை விற்ற மலைமண்டலத்து வணிகர் ‘குதிரைச் செட்டிகள்’ எனப்பட்டனர். சொல் இருந்தது, வீரரும் இருந்தனர். போதுமான குதிரைதான் இல்லை. நம் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை பெருகவில்லை. பட்டினப்பாலை பாடிய நாளிலிருந்தே குதிரை கடல்வழி வந்த சரக்கு.

பாண்டியர் காலத்தில் இந்த வாணிகம் பேய்பிடித்தாற்போல் வளர்ந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதிவைத்த கணக்கைக் கேளுங்கள். பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து மாபார் என்ற நம் கரைக்கும் பிற துறைகளுக்கும் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரை ஏற்றுமதி. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். மொத்தம் 22 இலட்சம் தினார்! வழியில் கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். பணம் எங்கிருந்து வந்தது? கோயில் சொத்துகளின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீது போட்ட வரியிலிருந்தும் என்று எழுதுகிறார் வசாப். ஆண்டவன் பெயரால் திரண்ட செல்வம் எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறைக்குப் போயிற்று என்பதை நம் தல புராணங்கள் சொல்லவில்லை. ஒரு பாரசீகர் சொல்லியிருக்கிறார்.

1290களில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னும் கூர்மையாகப் பார்த்தார். அரச உடன்பிறப்புகள் ஐவரும் ஆளுக்கு ஈராயிரம் குதிரை வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். ஏன்? வைத்தியம் அறிந்தவர் இல்லை, இலாடம் அடிப்பவர் இல்லை. குதிரைக்கு வேகவைத்த அரிசியும் இறைச்சியும் போட்டார்களாம். புல் தின்னும் உயிருக்குப் படையல்! குதிரை வணிகருக்கோ கொள்ளை ஆதாயம். வைத்தியர் எவரும் மாபாருக்குப் போய்விடாதபடி அவர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் அந்த வெனிசுக்காரர் குத்திக்காட்டுகிறார்.

இந்த மதுரையைப் பற்றித்தான் நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் சொல்லப்படுகிறது. கருவூலம் பரியாகிப் பரி பிணமானது வரலாறு. நரி பரியாகி மீண்டும் நரியானது புராணம். இரண்டிலும் காலையில் இலாயத்தைத் திறந்து பார்த்தால் குதிரை இல்லை என்பது மட்டும் ஒன்றாக இருக்கிறது!

ஆக, குதிரையை வாங்கினால் போதாது. அதைப் பேணத் தெரிந்தவன் வேண்டும், பழக்கத் தெரிந்தவன் வேண்டும், ஓடும் குதிரையின் மேலிருந்து அம்பெய்யத் தெரிந்தவன் வேண்டும். வடக்கிலிருந்து வந்த சுல்தானியப் படைகள் வென்றது இந்தக் கலையால்தான். 1311இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்து மீண்டதும், 1335 அளவில் மதுரையிலேயே ஒரு சுல்தானியம் எழுந்து நாற்பதாண்டுக்கு மேல் நின்றதும் நாம் படிப்பவை. அவற்றைப் படிக்கும்போது கொள்ளையையும் கொடுமையையும் மட்டும் படித்துவிட்டு, கற்றுக்கொண்ட பாடத்தை விட்டுவிடுகிறோம்.

பாடம் கற்றவர்கள் விசயநகர மன்னர்கள். 1424 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயன், பாமினிப் படையிடம் தாம் தோற்பது ஏன் என்று அவை கூட்டி ஆராய்ந்தான் என்று பெரிஷ்தா எழுதுகிறார். நல்ல குதிரையும் குதிரைமேல் வில்லாண்மையுமே காரணம் என்று தெரிந்தது. மன்னன் என்ன செய்தான்? யாகமா வளர்த்தான்? முஸ்லிம் குதிரைவீரரைப் படையில் சேர்த்தான், நிலம் கொடுத்தான், அவர்கள் தொழப் பள்ளிவாசலுக்கு இடம் தந்தான். அவர்கள் தனக்கு வணக்கம் செலுத்த உறுத்தல் இல்லாதபடி அரியணைக்கு முன் திருக்குர்ஆனை வைத்தானாம். வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. தேவராயனின் படைத்துணைவர் அகமதுகான் எடுப்பித்த கட்டடம், மன்னனுக்குப் புண்ணியம் உண்டாகுக என்று 1439இல் பொறித்த கல்வெட்டோடு இன்றும் அம்பியில் நிற்கிறது.

கன்னட, தெலுங்கு நாடுகளில் முன்பே வழங்கிவந்த ‘ராவுத’ என்ற படைத்துறைச் சொல், இந்த விசயநகர ஆட்சியோடுதான் தமிழ்நாட்டில் ஊர் ஊராக வேர்விட்டது என்பது நம் முடிவு. அதற்கு நாம் காட்டும் சான்று கல்வெட்டு அன்று, கந்தன்!

ஆம், முருகன்தான்! அருணகிரிநாதர் தம் கந்தர் அலங்காரத்தில், மயிலேறி வரும் முருகனை ‘இராவுத்தன்’ என்றே விளிக்கிறார். அருணகிரியார் அந்தத் தேவராயன் காலத்தவர் என்பதே பெரும்பாலோர் கருத்து. குதிரையேறிய வீரர் வீதியில் விரைந்து வருவதைக் கண்ட கவிஞர், மயிலேறும் தம் தெய்வத்துக்கும் அதே பட்டத்தைச் சூட்டினார். இன்றைக்கு ஒருவர் முருகனை மேடையில் ‘இராவுத்தரே’ என்று அழைத்தால் என்ன ஆகும்? பழனி மலையடிவாரத்தில் கடையடைப்பு நடந்தாலும் நடக்கும்! அன்று எவரும் கல்லெறியவில்லை. ஏனெனில் அன்று அது மதத்தின் பெயராக இல்லை. வாகனம் ஏறி வரும் வீரனின் பெயராக இருந்தது.

தென்னார்க்காட்டுப் பக்கம் இன்னொரு காட்சி. செஞ்சியைச் சுற்றிய திரௌபதி அம்மன் கோயில்களில் ‘முத்தால் இராவுத்தன்’ என்றொரு காவல் தெய்வம் நிற்கிறது. முஸ்லிம் வீரன் என்றே அவனை ஊர்மக்கள் சொல்கின்றனர். சுருட்டும் சாராயமும் அவனுக்குப் படையல். நமக்குக் கோயிலிலும் காவல் தெய்வத்திலும் நம்பிக்கை இல்லை; சுருட்டுப் பிடிக்கும் தெய்வத்தைக் கண்டால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்தச் சிற்றூர் மக்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டு சிரிக்க முடியவில்லை. தங்கள் ஊரைக் காத்தவன் ஒரு இராவுத்தன் என்பதல்லவா அவர்கள் சொல்லும் கதை?

சரி, துருக்கி எங்கே வந்தது? சிறுவனின் கேள்வி அதுதானே.

முதலில் ஒரு திருத்தம். அன்றைய தமிழர் ‘துருக்கர்’, ‘துலுக்கர்’ என்றது இன்று வரைபடத்தில் காணும் துருக்கிக் குடியரசின் மக்களை அன்று. நடு ஆசியப் புல்வெளியில் குதிரையோடு வாழ்ந்த குடிகள் துருக்கர். தில்லிச் சுல்தான்களின் படையில் அவர்கள் மிகுந்திருந்ததால், வடக்கிலிருந்து வந்த முஸ்லிம் எவரையும் ‘துருக்கர்’ என்பது வழக்காயிற்று. பிறகு முஸ்லிம் அனைவருக்கும் அதுவே பெயராகிப் பின்னர் இழிசொல்லும் ஆகிவிட்டது.

அந்தக் குதிரைப்படைகளில் அயலார் இல்லை என்று நாம் சொல்லவில்லை. துருக்கரும் பட்டாணியரும் தக்காணத்தாரும் இருந்தனர். அதற்கு ஒரு தடயமும் உண்டு. மரக்காயர் பெரும்பாலும் ஷாபி என்னும் சட்டநெறியைப் பின்பற்றுவோர். அது கடல்வழி வந்த அரபு வணிகர் நெறி. இராவுத்தர்களோ ஹனபி நெறியினர். அது தரைவழி வந்த வடநாட்டு, நடு ஆசியப் படையினரின் நெறி. ஆகவே உள்நாட்டில் இசுலாம் பரவியதில் படைவீடுகளுக்குப் பங்கு உண்டு என்பது தெளிவு. ஆனால் நெறி ஒன்றானால் குருதி ஒன்றாகிவிடுமா? ஒரு படைவீட்டில் சேணம் தைப்பவன், புல்லறுப்பவன், இலாடம் அடிப்பவன், காயத்துக்கு மருந்திடுபவன், பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன் என்று எத்தனை பேர்! தாங்கள் இசுலாத்தைத் தழுவியது திருச்சி நத்தர் வலியாரின் சொல் கேட்டு என்றும் இராவுத்தர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. திருச்சியில் கேட்டுத் தழுவியவர் திருச்சிக்காரராகத்தானே இருந்திருக்க வேண்டும்?

அவர்கள் வீட்டு மொழியைக் கேளுங்கள். தமிழ். தந்தையை எப்படி அழைக்கிறார்கள்? கடற்கரையில் ‘வாப்பா’, இராவுத்தர் வீட்டில் ‘அத்தா’. ‘அதா’ என்பது துருக்க மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல், அதுவே இது என்று பெருமை பேசுவோர் உண்டு. இருக்கட்டும். ஆனால் ‘அத்தன்’ என்பது தந்தை என்ற பொருளில் தேவாரக் காலத்திலேயே தமிழில் வழங்கிய சொல் ஆயிற்றே! தன் வீட்டுக் கொல்லையில் விளைந்ததை அடுத்த கண்டத்துச் சந்தையில் தேடுவானேன்?

பாட்டனாரை நாம் குறைசொல்லவில்லை. அவர் செய்தது இந்த நாட்டில் எல்லோரும் செய்ததுதான். சூரியன் எங்கள் பாட்டன் என்றான் ஒருவன். அக்கினியில் பிறந்தோம் என்றான் இன்னொருவன். காசியிலிருந்து வந்தோம், அயோத்தியிலிருந்து வந்தோம் என்று சாதிக்கொரு புராணம் அச்சடித்தனர். இந்த மண்ணில் பிறந்தோம், இந்த மண்ணில் உழைத்தோம் என்று சொல்ல மட்டும் எவருக்கும் வாய் வரவில்லை. பெருமைக்காக வெளியூர் தேடிய மக்களில், இராவுத்தருக்கு மட்டும் அந்த வெளியூர் வசையாகத் திரும்பி வந்திருக்கிறது. காசியிலிருந்து வந்ததாகச் சொல்பவனை எவனும் ‘வந்தேறி’ என்பதில்லை, கவனித்தீர்களா?

திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம். இந்தப் பாறைமேல் கோட்டை எழுப்பியது 1605இல், முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியில். மேற்கே கணவாய்கள், வடக்கே மைசூர்ச் சாலை, தெற்கே மதுரை. கோட்டைக்குக் காலாள் போதும். சமவெளிக்குக் குதிரை வேண்டும். மதுரை நாயக்கர் படையில் முஸ்லிம் குதிரைவீரர் எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தனர் என்பதற்குச் சொக்கநாத நாயக்கர் கதை ஒன்று போதும். அவர் காலத்தில் ருஸ்தம்கான் என்ற குதிரைப்படைத் தலைவன் சிறிதுகாலம் மதுரை ஆட்சியையே தன் கைக்குள் வைத்திருந்தான். 1755இல் ஐதர் அலி மைசூரின் பவுஜுதாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். பின்னாளில் தென்னகத்தையே கலக்கிய அந்தக் குதிரைப்படைத் தலைவர் தம் வலிமையைத் திரட்டிக்கொண்டது இந்த ஊரில்தான். ஐதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருப்பதால்தான் பேகம்பூருக்கு அந்தப் பெயர் என்பர். 1772இல் சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்காகத் தாண்டவராய பிள்ளை ஐதருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது பொன்னையா? குதிரையும் காலாளும் கேட்டார்.

1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1792 உடன்படிக்கையால் சீமையும் போயிற்று. 1801இல் விருப்பாட்சி கோபால நாயக்கரைத் தூக்கிலிட்டுப் பாளையங்களை ஒடுக்கியபின், ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. குதிரைக்கு வேலை இல்லை. வீரனுக்குச் சோறு இல்லை.

அந்த மக்கள் என்ன ஆனார்கள்? நிலம் இருந்தவர் உழுதார். சிலர் வெற்றிலைக் கொடிக்கால் போட்டனர். சிலர் மலையேறி ஏலமும் மிளகும் வாணிகம் செய்யக் கேரளம் சென்றனர். திண்டுக்கல்லில் பலர் தோல் பதனிடும் தொழிலுக்குப் போயினர். முன்னோர் அமர்ந்தது தோற்சேணத்தின்மேல். பேரர் நிற்பது சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலின் நடுவே. ‘சவாரி’, ‘லகான்’ என்ற பாரசீகச் சொற்கள் தமிழில் தங்கின. மணமகனைக் குதிரையேற்றி ஊர்வலம் விடும் வழக்கம் தங்கியது, அதுவும் வாடகைக் குதிரை. பட்டமும் தங்கியது.

தொழில் போனபின் நின்ற பட்டம், பிறப்பின் பெயராக இறுகியது. வெள்ளையர் கணக்கெடுப்பு அதற்கு முத்திரை குத்தியது. 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிச் சாதி நூலில் இராவுத்தருக்கும் ஓர் இடம் உண்டு. குதிரையில்லாத குதிரைவீரர், படையில்லாத நாயக்கர் என்று நம் பட்டியல் நீண்டது. நாயக்கர் என்றால் தலைவர் என்றே பொருள். யாருக்குத் தலைவர்? எங்கே படை? எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் பெரியார். ஈரோட்டு இராமசாமி நாயக்கர் 1927 இறுதியில் ‘குடிஅரசு’ ஏட்டில் தம் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப்பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எந்த ஊர்க்காரர்? நம் பட்டிவீரன்பட்டிக்காரர்! ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தம் பெயரிலிருந்து ‘நாடார்’ என்ற பட்டத்தை உதறினார். சென்னைக்குப் போய்ப் பாண்டி பசாரில் புடைவை வாங்குகிறவர்கள் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதை அறிவார்களோ, மாட்டார்களோ!

பட்டத்தைச் சுமக்காமலே பெருமை பெற்ற இராவுத்தர்களும் உண்டு. திருநெல்வேலிப் பேட்டையில் மியாகான் இராவுத்தர் மகனாக 1896இல் பிறந்த முகம்மது இசுமாயிலை நாடு காயிதே மில்லத் என்று அறியும். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய வாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் அந்த இடம் தமிழுக்கே உரியது என்று எழுந்து பேசியவர் அவர். ‘வந்தேறி’ பேசிய பேச்சா அது?

இவ்வளவையும் சிறுவனுக்குச் சொன்னோம். சத்தீசுகர் மாட்டுக்காரர் கதையில் சிரித்தான். முருகன் இராவுத்தன் என்றதும், “நிசமா ஐயா?” என்று இருமுறை கேட்டான். சண்டையிட்ட கூட்டாளியையும் இழுத்துவந்து மறுபடி சொல்லச் சொன்னான், சொன்னோம்.

அடுத்த வாரம் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் நாள். நாம் கல்லூரி நாளிலேயே நம் குடும்பப் பட்டத்தை விட்டவர்கள். அதை இந்த வகுப்பில் பலமுறை பெருமையாகச் சொல்லியும் இருக்கிறோம். விண்ணப்பத்தில் ‘சாதி’ என்றொரு கட்டம். தமிழக அரசின் பட்டியலில் ‘இலப்பை — இராவுத்தர், மரக்காயர் உட்பட’ என்று இருக்கிறது. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த மூன்றரை விழுக்காடும் அந்தப் பட்டியல் வழியாகத்தான் வருகிறது. அதை எழுதாவிட்டால் பிள்ளைக்குப் பணம் இல்லை. எழுதினோம். சிறுவன் நம் எழுதுகோலையே பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த கட்டம், தந்தையின் தொழில்.

“தோல் சாப்பில் கூலி ஐயா” என்றான்.